நான்காம் பாகம்

கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்பது நூலக மேஜையில் உட்கார்ந்திருப்பவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்காத விதி. வாசகரே கேட்டாலும் சொல்லக் கூடாது. நான் மீறியதில்லை. அந்தப் பெண்ணிடமும் மீறவில்லை. ஆனாலும் அவள் கேட்டதும் நான் சொன்னதும் இன்னும் மனசைவிட்டுப் போகவில்லை.

கல்கியின் சிவகாமியின் சபதம் நாவலின் மூன்றாம் பாகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான்காவதை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். எங்களிடம் இருப்பது பாகம் பாகமாக பைண்டு செய்த பழைய பிரதி. நான்காம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயர் 'சிதைந்த கனவு'. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவள், "கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துருவாங்களா சார்?" என்றாள்.

"படிச்சுப் பாரும்மா" என்று தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.

அவளுடைய கல்யாணம் நின்றுபோன விஷயம் எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். அவளே விரும்பிய பையன். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு அந்த வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் நூலகத்துக்கு வரத் தொடங்கினாள். நானாக அவளிடம் எதையும் விசாரித்ததில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது அழகும் இல்லை.

அவள் கேட்டது கதையைப் பற்றி மட்டும்தானா? அட்டையிலேயே பதில் இருக்கும்போது ஏன் கேட்டாள்? "சேர மாட்டாங்கம்மா" என்று சொல்லியிருந்தால் புத்தகத்தை வைத்துவிட்டுப் போயிருப்பாளா, இல்லை, தெரிந்தே எடுத்துப் போயிருப்பாளா? மூன்றாம் பாகத்தில், சாளுக்கியரின் வாதாபியில் சிறைபட்டிருக்கும் நடனப்பெண் சிவகாமியை, அவள் காதலரான பல்லவ இளவரசர் மாமல்லர் மாறுவேடத்தில் அங்கேயே வந்து கூப்பிட்டும், வாதாபி எரிய வேண்டும் என்ற தன் சபதம் நிறைவேறாமல் வர மாட்டேன் என்று அவள் மறுத்துவிடுகிறாள். அதைப் படித்துவிட்டு வருகிற எல்லோரும் கொஞ்சம் பதைப்போடுதான் அடுத்த பாகத்தைக் கேட்பார்கள். அவளும் அப்படித்தான் கேட்டாள் என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்தச் சமாதானம் நிலைப்பதில்லை.

நான்காம் பாகத்தில் வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆனால் அதற்குள் மாமல்லர் பாண்டிய இளவரசியை மணந்து, பிள்ளைகளும் பிறந்தாயிற்று. சிவகாமி ஏகாம்பரநாதரையே கணவனாக வரித்துக்கொண்டு, அந்தச் சன்னிதியில் 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்ற அப்பர் பாட்டுக்கு அபிநயம் பிடிக்கிறாள். 1940களில் தொடராக வந்த கதை. இத்தனை வருஷம் கழித்தும் எங்கள் பிரதியில் அந்தக் கடைசிப் பக்கங்கள்தான் மற்ற எல்லாவற்றையும்விட நைந்துபோயிருக்கின்றன.

தவணை தாண்டியும் புத்தகம் வரவில்லை. இடையில் ரேஷன் கடை வரிசையில் அவளுடைய அம்மாவைப் பார்த்தேன். "என்ன சார் அப்படி ஒரு புத்தகம் கொடுத்தீங்க? ரெண்டு நாளா அழுதுக்கிட்டே இருக்கா. நாங்க அவளைச் சிரிக்க வைக்கத்தான் பாடுபடுறோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தைத்தது. "கேட்ட புத்தகத்தைக் கொடுக்கிறதுதாம்மா எங்க வேலை" என்றேன். அது உண்மைதான். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது வெறும் விதியாக இருந்தது.

அன்று ராத்திரி வேறு மாதிரி யோசித்தேன். வீட்டில் எல்லோரும் சிரிக்க வைக்கப் பாடுபட்டால் அவள் எங்கே போய் அழுவாள்? கையில் புத்தகம் இருந்தால் அழலாம். யாராவது ஏன் என்று கேட்டால் கதைக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். சோகக் கதைகளை இவ்வளவு பேர் நெஞ்சோடு வைத்துக்கொள்வது இதற்காகவும்தான் என்று நம்புகிறேன். தொல்காப்பியம் அழுகை பிறக்கும் இடங்களை நான்காகச் சொல்கிறது: இளிவு என்கிற அவமானம், இழவு என்கிற இழப்பு, அசைவு என்கிற நிலைகுலைவு, வறுமை. நின்றுபோன கல்யாணத்தில் இழவும் உண்டு, இளிவும் உண்டு. இழப்புக்கு ஆறுதல் சொல்ல உறவெல்லாம் வரும். பட்ட அவமானத்தைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. ஊரறியச் சிறைபட்டு, ஊரறியத் தன் இடத்தையும் இழந்து, அதே ஊரின் நடுவில் நின்று ஆடுகிற சிவகாமிக்கு அந்த இரண்டும் தெரியும்.

இப்படி யோசித்தால் மனசு சமாதானமாகிவிடும். ஆனால் எங்கள் வாசகர் ஒருவர் இருக்கிறார், வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நா. பார்த்தசாரதியின் குறிஞ்சி மலர் படித்துவிட்டு மகளுக்குப் பூரணி என்று பெயர் வைத்தவர். அந்த நாவலால் அரவிந்தன், பூரணி என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். அதே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போவார், ஆனால் அரவிந்தன் சாகிற இடம் வரும் முன்னால் மூடி வைத்துவிடுவாராம். "அதைத் தாங்க முடியாது தம்பி" என்பார். இத்தனை பிரியம் வைத்தவருக்கே தாங்க முடியாததை, காயம் ஆறாத பெண்ணிடம் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன்.

அவள் பிறகு வந்தாள். புத்தகத்தை வைத்துவிட்டு அபராதத்தைக் கட்டினாள். நான் கேட்க நினைத்தது எதையும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நகைச்சுவை, பயணம் என்று வேறு புத்தகங்கள் எடுக்கத் தொடங்கினாள். சரி, கடந்துவிட்டாள் என்று நினைத்தேன். சில மாதம் கழித்து வந்து, "அந்த நாலாம் பாகம் மட்டும் இருக்கா சார்?" என்றாள்.

கொடுத்தேன். இனியும் கேட்டால் கொடுப்பேன். ஒருநாள் அவளுடைய அம்மா நேராக மேஜைக்கே வந்து, அதை மட்டும் கொடுக்காதீங்க சார் என்றால் என்ன சொல்வேன் என்றுதான் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.