புருவத் தழும்பைப் பிடித்துக்கொண்டு நேட்டால் வரை

எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி, குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகப் போனார். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். எந்த வருஷம், எந்தக் கப்பல், போன இடத்தில் என்ன ஆனார், ஒன்றும் தெரியாது. அவரைத் தேடப்போன இரண்டு வருஷ அலைச்சல் கடைசியில் என்னை 1946-ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் கொண்டுபோய் நிறுத்தியது. இதே மாதிரி தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். முதல் கப்பலான ட்ரூரோ சென்னையிலிருந்துதான் கிளம்பியது. ஒவ்வொருவரையும் வெள்ளைக்காரன் பதிந்து வைத்திருக்கிறான். டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையம் அந்தக் கப்பல் பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறது. நான் செய்த முதல் தப்பு, பெயரை வைத்துத் தேடியது. சாமி என்று முடியும் பெயர்கள் பக்கம் பக்கமாக வந்தன, ஒவ்வொன்றும் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஒரு எழுத்துக்கூட்டல். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆன கதைதான். அப்புறம்தான் பெயரை விட்டுவிட்டு ஜில்லா வட ஆற்காடு, தாணா (போலீஸ் சரகம்) குடியாத்தம், தகப்பன் பெயர் என்று பின்பக்கமாக வந்தேன். ஏழு பேர் தேறினார்கள்.

இந்த ஏழில் நம்மவர் யார்? பட்டியலின் கடைசிப் பத்தி உடல் அடையாளம். ஒருவருக்கு நேரே வலது புருவத்தின் மேல் தழும்பு என்று இருந்தது. அதை 84 வயதான என் அத்தைக்குப் போனில் படித்துக் காட்டினேன். அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய தாத்தா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, சாகும் வரை சொல்லிச் சொல்லி வருத்தப்பட்ட விஷயமாம் அது: சின்ன வயசில் கில்லி விளையாடும்போது தான் அடித்த கில்லி தம்பியின் புருவத்தைக் கிழித்துவிட்டது, அந்தக் காயத்தோடுதான் அவன் கப்பல் ஏறினான் என்று. அதனால் சொல்கிறேன், பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், அற்பமாகத் தோன்றுவதையும் சேர்த்து.

ஆள் உறுதியானதும் அவருடைய காலனி எண், அதாவது பதிவில் ஒவ்வொரு கூலிக்கும் கொடுத்த எண், கிடைத்தது. அந்த எண்தான் சாவி. ஐந்து வருஷ ஒப்பந்தம், எந்தத் தோட்டம், கல்யாணப் பதிவு எல்லாம் அதன்கீழ்தான் இருக்கும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் அங்கேயே நின்றவர்கள் மேல் வருஷத்துக்கு 3 பவுன் வரி, பதினாறு வயதுப் பையனுக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் கூட. 1914-இல்தான் அது ஒழிந்தது. நடுவில் ஒருவர் தேடித் தருகிறேன் என்று பணம் வாங்கிக்கொண்டு வேறு யாருடைய இறப்புப் பதிவையோ அனுப்பினார், மூன்று மாதம் வீண். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் நாமே தேடி, கோப்பு எண்ணைக் குறித்து, நேராக அவர்களுக்கே எழுதுவது மேல்.

அப்படிக் காப்பகத்திலிருந்து கிடைத்த வாரிசுக் கோப்பிலிருந்த பெயர்களை வைத்து டர்பனில் ஒரு பெண்மணியைக் கண்டுபிடித்தேன். தம்பித் தாத்தாவின் மகள் வயிற்றுப் பேத்தி. முறை போட்டுப் பார்த்தால் எனக்குச் சித்தி. இரண்டாவது முறை பேசும்போது, என் அம்மா ஜெயிலுக்குப் போனவள், தெரியுமா என்றார்.

1946 ஜூனில் தென்னாப்பிரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. ஒதுக்கிய பகுதிகளைத் தவிர வேறெங்கும் இந்தியர்கள் வெள்ளையரிடம் நிலம் வாங்கவோ குடியேறவோ கூடாது. அதை எதிர்த்து ஜூன் 13 அன்று இந்தியர்கள் டர்பனில் கேல் தெருவும் உம்பிலோ சாலையும் சந்திக்கும் முனையில் ஒரு காலி மனையில் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். டாக்டர் நாயக்கர், டாக்டர் கூனம் போன்ற தமிழர்கள் முன்னால் நின்றார்கள். வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து கூடாரத்தைப் பிய்த்து அடித்தார்கள், போராட்டக்காரர்கள் மறுபடி கூடாரத்தை நட்டார்கள். போராட்டம் முடிவதற்குள் சுமார் 2,000 பேர் சிறை போனார்கள். அதில் ஒருத்தி எங்கள் வீட்டுப் பெண், அந்தப் புருவத் தழும்புக்காரரின் மகள்!

அதே மாதம் இந்தியா ஐ.நா.வில் புகார் கொடுத்தது, நமக்கே இன்னும் சுதந்திரம் வராத நேரம். விஜயலட்சுமி பண்டிட் வாதாடினார். எதிரே தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். ஐ.நா. சாசனத்தின் முகப்புரையில் அடிப்படை மனித உரிமைகள் என்ற சொல் வரக் காரணமான அதே மனிதர், இது எங்கள் உள்நாட்டு விவகாரம், தலையிட உங்களுக்கு உரிமையில்லை என்றார். டிசம்பர் 8 அன்று 32-க்கு 15 என்று தீர்மானம் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால், ஒரு நாடு மாற்றி ஓட்டுப் போட்டிருந்தாலும் தோற்றிருக்கும்.

44(I) என்ற எண் போட்டுத் தேடினால் அந்தத் தீர்மானத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம், ஒரு பக்கம்கூட வராது. சட்டம் படித்தவர்கள் இதை உள்நாட்டு விவகாரம் என்ற சுவரில் விழுந்த முதல் விரிசல்களில் ஒன்றாகப் பார்ப்பார்கள். எனக்கு அது சித்தியின் அம்மா எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு நியூயார்க்கில் நாடுகள் ஓட்டுப் போட்டிருக்கின்றன என்பதை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. தீர்மானத்தால் அங்கே சட்டம் மாறவில்லை, 1950-இல் அதைவிட மோசமான பகுதிப் பிரிப்புச் சட்டம் வந்தது, சித்தி குடும்பம் வீட்டைக் காலி செய்து போனது. ஆனால் 1952 முதல் நிறவெறியே ஐ.நா. மேசைக்கு வந்துவிட்டது.

சித்திக்குத் தமிழ் பேச வராது, மாரியம்மன் பாட்டு மட்டும் தெரியும். போன மாதம், கப்பல் பட்டியலில் இருக்கும் ஊர்ப் பெயரை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். அத்தையிடம் போனைக் கொடுத்துப் பதிவு செய்தேன். அத்தை ஊர்ப் பெயரை நிதானமாக இரண்டு தடவை சொன்னார், அப்புறம் யாரும் கேட்காமலேயே கில்லிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நிறுத்தாமல் முழுவதையும் அப்படியே அனுப்பிவிட்டேன்.