பழைய கார்டன் டிராக்டரில் ஆயில் பிரஷர்: சிவப்பு விளக்கு போதாது

ஆயில் பிரஷரை முள்ளால் காட்டும் கேஜ் வாங்குவதற்கு முன், உங்கள் எஞ்சினில் ஆயில் பிரஷர் என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கோலர் கே241, கே301, கே321, கே341 போன்ற பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் ஆயில் பம்ப்பே கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் சின்ன நாக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது சம்ப்பில் (ஆயில் தேங்கும் அடித்தொட்டியில்) முங்கி ஆயிலைத் தெறிக்கவிடும், அவ்வளவுதான். அங்கே கேஜுக்கு வேலையே இல்லை. ஓட்டுவதற்கு முன் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் குச்சியை) பார்ப்பதுதான் ஒரே காவல். ஜான் டியர் 318-இல் வந்த ஆனன் இரட்டை சிலிண்டர், கோலர் கமாண்ட் போன்றவற்றில் பம்ப் உண்டு. இனிச் சொல்வதெல்லாம் அவற்றுக்கு.

பம்ப் உள்ள வண்டியிலும் பெரும்பாலும் ஒரு விளக்கோ, எஞ்சினை நிறுத்தும் ஸ்விட்ச்சோதான் இருக்கும். கோலர் கமாண்டின் ஸ்விட்ச், பிரஷர் 3 முதல் 5 பிஎஸ்ஐ (பிரஷரின் அலகு) வரை இறங்கினால்தான் வேலை செய்யும். 3,600 ஆர்பிஎம்மில் புல் வெட்டிக்கொண்டிருக்கும்போது பிரஷர் 8-க்கு விழுந்தாலும் அது வாய் திறக்காது. பேரிங் தேய்ந்து முடிந்த பிறகு எரிகிற விளக்கால் யாருக்கு என்ன பயன்? அந்த விளக்காவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, சாவியை ஆன் நிலையில் வைத்து, ஸ்டார்ட் செய்யாமல் கவனியுங்கள். எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு, ஒயர், ஸ்விட்ச் மூன்றில் ஒன்று போய்விட்டது.

கேஜ் 0–60 பிஎஸ்ஐ போதும். 0–100 வாங்கினால் நமக்கு முக்கியமான 10, 15 எல்லாம் முள்ளின் முதல் நகர்விலேயே முடிந்துவிடும். இந்த எஞ்சின்களின் அதிர்வுக்குக் கிளிசரின் நிரப்பிய மெக்கானிக்கல் கேஜ் நல்லது, முள் ஆடாது. எலக்ட்ரிக் கேஜ்தான் வேண்டும் என்றால் சென்டரும் (எஞ்சினில் பிரஷரை அளந்து ஒயர் வழியாகக் கேஜுக்குச் சொல்லும் பாகம்) கேஜும் ஒரே வகையா என்று பாருங்கள். 240–33 ஓம் சென்டரை 10–180 ஓம் கேஜோடு சேர்த்தால் பிரஷர் ஏற ஏற முள் இறங்கும்.

இனி மாட்டும் வேலை. ஸ்விட்ச் இருக்கும் துளை அமெரிக்க எஞ்சின்களில் பெரும்பாலும் 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை), அங்குலத்துக்கு 27 மரை. பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் 1/8 பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) ஃபிட்டிங்கில் 28 மரை. முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு அலுமினிய மரையைத் தின்றுவிடும். சரியான ஃபிட்டிங்கையும் கையால் இறுகியதற்கு மேல் ஒன்றரைச் சுற்றோடு நிறுத்துங்கள். டேப்பர் மரை ஆப்பு மாதிரி. இன்னும் இழுத்தால் துளையே விரியும். டெஃப்லான் டேப் வேண்டாம், கிழிந்த நூல் ஆயில் பாதைக்குள் போகும். குழம்பு வகை சீலன்ட்டை முதல் இரண்டு மரையை விட்டுவிட்டுத் தடவுங்கள்.

பலரும் செய்கிற தவறு, பித்தளை டீயை (T வடிவ மூன்று வழி இணைப்பை) எஞ்சினிலேயே முறுக்கி, அதன் மேல் ஸ்விட்ச்சையும் சென்டரையும் தொங்கவிடுவது. அந்தக் கனம் அதிர்ந்து அதிர்ந்து டீயின் கழுத்து மரையோரத்தில் ஒடிந்துவிடும். சம்ப்பில் மொத்தமே இரண்டு லிட்டரைச் சுற்றித்தான் ஆயில். நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் காலி. எஞ்சினிலிருந்து ஒரு குட்டி ஸ்டீல் பின்னல் ஹோஸ் எடுத்து, டீயை ஃபிரேமில் ஒரு பிராக்கெட்டில் கட்டுங்கள். நைலான் டியூப் சைலன்சர் சூட்டில் இளகும். செம்புக் குழாய் அதிர்வில் நாளடைவில் விரிசல் விடும். எஞ்சின் பக்கத்து ஃபிட்டிங்கில் ஊசித்துளை அளவு ரெஸ்ட்ரிக்டர் இருந்தால், ஹோஸே போனாலும் ஆயில் மெதுவாகத்தான் வெளியேறும். ஒன்றை மறக்கக் கூடாது: ஒற்றை ஒயர் ஸ்விட்ச் எஞ்சின் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. அதை ஹோஸுக்கு அப்பால் கொண்டுபோனால் பிராக்கெட்டிலிருந்து எஞ்சினுக்குத் தனி எர்த் ஒயர் போட வேண்டும். இல்லையென்றால் விளக்கு எரியாமலும், நிறுத்தும் ஸ்விட்ச் வேலை செய்யாமலும் போகலாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் மேலே நிற்பதைப் பார்த்து மகிழ வேண்டாம். குளிர்ந்த, கெட்டியான ஆயிலில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் ரிலீஃப் வால்வ் (பிரஷர் மிஞ்சினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் வால்வ்) திறக்கும் அளவுதான். அரை மணி நேரம் புல் வெட்டி எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் என்ன காட்டுகிறது, முழு வேகத்தில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். சர்வீஸ் மேனுவலில் உங்கள் மாடலுக்குச் சொல்லியிருக்கும் குறைந்தபட்ச அளவோடு அதை ஒப்பிடுங்கள். கார் எஞ்சின் கணக்கு இங்கே செல்லாது. ஹூடின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி, ஆயில் கிரேடு, சூடான ஐடில், சூடான முழு வேகம் என்று எழுதிவையுங்கள். ஒரு நாள் அளவைவிட, ஒரு சீசனில் 20 எப்படி 12 ஆனது என்பதுதான் உண்மையைச் சொல்லும்.

பிரஷர் இறங்கினால் எஞ்சினைப் பிரிக்க ஓடாதீர்கள். முதலில் வேறொரு நல்ல கேஜ் வைத்துச் சரிபாருங்கள். அடுத்து டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, அளவும் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால், ஃப்யூல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது கார்புரேட்டர் ஃப்ளோட் நீடில் ஒழுகும். அதைச் சரிசெய்து ஆயில் மாற்றும் வரை ஓட்டவே கூடாது. வாடை இல்லையென்றால் ஷ்ரவுடை (எஞ்சினைச் சுற்றியுள்ள காற்று மூடியை) கழற்றுங்கள். சிலிண்டர் ஃபின்களுக்கு நடுவே காய்ந்த புல்லும் எலிக்கூடும் அடைத்து, சூடேறி, ஆயில் தண்ணீர்போல இளகியிருக்கலாம்.

எல்லா வேகத்திலும் திடீரென்று விழுந்தால் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நிற்கிறது என்று சந்தேகப்படலாம், கழற்றிக் கழுவுங்கள். முழு வேகத்தில் நன்றாக இருந்து சூடான ஐடிலில் மட்டும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் பேரிங் இடைவெளி கூடிவிட்டது, அல்லது பம்ப் தேய்ந்துவிட்டது. அதற்கு ரிலீஃப் ஸ்பிரிங் அடியில் வாஷர் வைப்பது வீண் வேலை. அந்த நேரத்தில் வால்வ் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது.