4800ஆம் எண் சீட்டு

செம்பனை ஆலைகளின் எடைமேடை அலுவலகங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பது பதினோரு ஆண்டுகளாக என் வேலை. குடியிருப்பது பெஸ்தாரி ஜெயாவில். ஊரின் மூத்தவர்கள் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள். ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917இல் மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கியது இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அப்பா அருகிலிருந்த ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதிவந்த பெரட்டுப் புத்தகம் இந்தக் கட்டுரையில் பின்னால் வரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதம், குலைகள் மிகுந்து வரும் பருவத்தில், இங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஓர் ஆலையிலிருந்து என்னை அழைத்தார்கள். லாரிகளை இறக்குமேடைக்கு அழைக்கும் திரையில் வரிசை மாறிப்போகிறது என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மாலை ஐந்தரை மணி. சாலையோரம் நின்ற லாரிகளில் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து, கையிலிருந்த சீட்டை நீட்டினார். எண் 4797. "தம்பி, நான் ரெண்டு மணிக்கே வந்துட்டேன். எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் இறக்கிட்டுப் போயிட்டாங்க. பழம் வெயில்ல காயுது," என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. அது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

வரிசை தவறுவது ஆலையில் சிறிய சங்கதி அல்ல. பழுத்த பழம் அடிபட்டவுடன் அதிலுள்ள நொதி எண்ணெயைப் பிரித்துக் கொழுப்பமிலத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. நீராவிக் கொப்பரையில் வெந்த பிறகுதான் அந்த நொதி அடங்கும். கச்சாச் செம்பனை எண்ணெயில் கட்டற்ற கொழுப்பமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது வணிகத்தில் வழக்கமான வரம்பு. முதலில் வந்தது முதலில் வேகவேண்டும் என்ற விதிக்கு ஓட்டுநர்களின் நியாயம் ஒரு காரணம் என்றால், இந்த வேதியியல் மற்றொரு காரணம்.

தவறு என்னுடையது. வாயிலில் சீட்டைப் படிக்கும் கருவி சில நேரம் ஒரே சீட்டை இரண்டு முறை படித்துவிடும். அதனால் வருகைப் பதிவில் ஒரே எண் இருமுறை ஏறிவிடும். முன்பு இருந்த நிரலில் ஒவ்வொரு எண்ணையும் பட்டியல் முழுவதும் தேடிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதை அழகாக்குவதாக எண்ணி, ஜாவா நிரல்மொழியின் ஹேஷ்செட்டை நான் அங்கே வைத்தேன். ஹேஷ்செட் என்பது ஒரு கணம், அதாவது உறுப்புகளின் தொகுப்பு; ஒரே உறுப்பை இரண்டாம் முறை போட்டால் ஏற்காது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான் என்று நினைத்தேன். எனக்கு வேண்டியிருந்தவை இரண்டு: எண் இருமுறை வரக் கூடாது, வந்த வரிசையும் மாறக் கூடாது. இரண்டாவதை நான் கேட்கவே இல்லை. கேட்காததை அது தரவுமில்லை. ஹேஷ்செட் எந்த வரிசைக்கும் உறுதி தருவதில்லை, இன்று இருக்கும் வரிசை நாளை இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை என்று அதன் ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. நான் அதைப் படித்திருந்தேன். படித்தும், சோதனையில் எல்லாம் சரியாக வந்ததால் மனத்தில் தங்கவில்லை.

சோதனையில் ஏன் சரியாக வந்தது என்பதை அன்றிரவு ஆலையின் அலுவலகத்தில் உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். புதிதாக உருவாக்கிய ஹேஷ்செட்டுக்கு, முதல் உறுப்பு சேரும்போது, உள்ளே 16 அறைகள் அமையும். ஓர் உறுப்பை எந்த அறையில் வைப்பது என்று முடிவுசெய்யக் கணக்கிடும் எண்தான் ஹேஷ் மதிப்பு. முழு எண்ணுக்கு அது அந்த எண்ணேதான். சிறிய எண்களைப் பொறுத்தவரை ஹேஷ் மதிப்பை 16ஆல் வகுத்து வரும் மீதிதான் அறை எண். நான் சோதித்தது 1 முதல் 10 வரையிலான சீட்டுகளை வைத்து. அவை முறையே 1 முதல் 10 வரையிலான அறைகளில் போய் உட்கார்ந்தன. அறைகளை வரிசையாகத் திறந்து படித்தபோது வந்த வரிசையே திரும்ப வந்தது. அன்று பிற்பகல் ஆலையில் வந்தவை 4797, 4798, 4799, 4800, 4801. முதல் மூன்றுக்கும் மீதி 13, 14, 15. 4800 என்பது 16இன் சரியான 300 மடங்கு. அதன் மீதி 0. எனவே திரையில் 4800 முதலிலும் 4801 அடுத்தும் நின்றன. பெரியவரின் 4797 மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. அதோடு முடியவில்லை. அடுத்து வந்த 4802, 4803, 4804 ஆகியவையும் 2, 3, 4ஆம் அறைகளில் அமர்ந்து அவருக்கு முன்னால் நின்றன. லாரிகள் வந்துகொண்டே இருக்கும்வரை அந்த மூவருக்கும் முறை வராதபடி என் நிரல் பார்த்துக்கொண்டது.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது மறுநாள் கண்டது. 4810 முதல் 4821 வரை பன்னிரண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தால் 4816 முன்னால் வந்து வரிசை கெடுகிறது. பதின்மூன்றாவதாக 4822ஐச் சேர்த்த நொடியில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அறைகளில் முக்கால் பங்குக்கு மேல் உறுப்புகள் சேர்ந்தால் ஹேஷ்செட் தன்னை இருமடங்காக்கிக்கொள்ளும். 16இல் முக்கால் 12. அறைகள் 32 ஆனதும் மீதிகள் 10 முதல் 22 வரை ஒழுங்காக அமைந்துவிடுகின்றன. மேடைப் பணியாளர் ஒரு நிமிடம் கெட்ட வரிசையைப் பார்த்துவிட்டு மேலாளரை அழைத்து வருவதற்குள், இன்னொரு லாரி நுழைந்து திரை சரியாகியிருக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் இரண்டு முறை குறை வந்தபோது, பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று பதில் அனுப்பியிருந்தேன். சொன்னவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

தானியங்கிச் சோதனைகளும் என்னைக் காப்பாற்றவில்லை. எதிர்பார்த்த கணத்தையும் கிடைத்த கணத்தையும் ஒப்பிட்டிருந்தேன். கணங்களின் சமத்தன்மையில் வரிசைக்கு இடமில்லை. ஒரே உறுப்புகள் இருந்தால் போதும், சமம் என்று சொல்லிவிடும். வரிசையைக் காக்கும் கணங்களுக்கும் இதே விதிதான். ஆகையால் வரிசை முக்கியமென்றால் சோதனையில் இரண்டையும் பட்டியலாக மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். பல குழுக்களின் நிரல்களில் இந்த ஓட்டையை அதன்பின் பார்த்திருக்கிறேன்.

உடன் பணியாற்றியவர் ட்ரீசெட்டை வைத்துவிடலாம் என்றார். அது எண்களை ஏறுவரிசையில் வைத்திருக்கும். அன்றைய சிக்கல் அப்போதே மறைந்திருக்கும். ஆனால் ஏறுவரிசை வேறு, வந்த வரிசை வேறு. சிறுதோட்டக்காரர்களின் லாரிகளுக்குத் தீபாவளி கழிந்து இரண்டாவது வாயில் திறப்பதாக இருந்தது. அங்கே சீட்டு எண்கள் 9000இலிருந்து தொடங்கும். ட்ரீசெட் அவர்களை ஒவ்வொரு நாளும் கடைசியில் நிறுத்தியிருக்கும். வேகத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. நாற்பது லாரிகளுக்கு வேகம் ஒரு பொருட்டே அல்ல. எது வரிசை என்ற கேள்விக்குத்தான் விடை தேவைப்பட்டது.

விடை ஜாவாவிலேயே 2002இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து இருக்கிறது: லிங்க்ட்ஹேஷ்செட். ஹேஷ்செட்டின் அறைகள் அப்படியே இருக்கும்; அதோடு ஒவ்வொரு உறுப்பும் தனக்கு முன் வந்தவரையும் பின் வந்தவரையும் இரு கைகளால் பிடித்துக்கொண்டிருக்கும். தேடுவது அறை வழியாக நடக்கும்; வரிசையாகப் படிப்பது அந்தக் கைப்பிடிச் சங்கிலி வழியாக நடக்கும். ஒவ்வொரு உறுப்புக்கும் இரண்டு சுட்டிகளின் இடம் கூடுதலாகச் செலவாகும். பதிலுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: ஹேஷ்செட்டைப் படித்து முடிக்க வெற்று அறைகளையும் திறந்து பார்க்க வேண்டும்; சங்கிலியில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும். நிரலில் நான் மாற்றியது ஒரே ஒரு வரி. அன்றிரவே மாற்றினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவிடம் விளக்க முயன்றேன். அவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து தன் பழைய பெரட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு வருகை குறிக்கும் புத்தகம் அது. ஆட்கள் வேலையில் சேர்ந்த வரிசையில் வரிக்கு வரி பெயர்கள். இடையில் காலி வரி கிடையாது. புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுத்துவாரியாக இன்னொரு பட்டியல்: "மு" என்ற இடத்தில் முனியம்மா, 37, முத்துசாமி, 112. அந்த எண்கள் முன்பக்கத்து வரி எண்கள். பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் தாராளமாக இடம் விட்டிருந்தார். யாராவது விலகினால் சிவப்பு மையால் வரியை அடிப்பாராம். அடித்த வரி அங்கேயே கிடக்கும். ஆண்டு முடிந்து புதுப் புத்தகம் எழுதும்போது அடித்தவற்றை விட்டுவிட்டு மீதியை நெருக்கமாகப் படியெடுப்பார்.

நான் அந்தப் பக்கங்களை வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். பைத்தான் என்ற நிரல்மொழியில், சாவியைக் கொடுத்து அதற்குரிய மதிப்பைத் தேடும் அமைப்புக்கு அகராதி என்று பெயர். அது இன்று இயங்கும் விதம் ஏறக்குறைய இதுவே. பைத்தானை உருவாக்குவோரில் ஒருவரான ரேமண்ட் ஹெட்டிங்கர் 2012 டிசம்பரில் முன்வைத்த அமைப்பில், பதிவுகள் வந்த வரிசையில் நெருக்கமாக ஓர் அணியில் இருக்கும். இடைவெளிகள் நிறைந்த தனி அட்டவணை ஒன்று, பதிவு எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்ற எண்ணை மட்டும் வைத்திருக்கும். நீக்கிய பதிவின் இடம் அடித்த வரியைப் போலக் கிடந்து, அட்டவணையை மறுபடி அமைக்கும்போது நெருக்கப்படும். அந்த யோசனையின் நோக்கம் நினைவகத்தை மிச்சப்படுத்துவது. 2016இல் பைத்தான் 3.6இல் அது வந்தபோது அகராதிகள் 20 முதல் 25 விழுக்காடு குறைவான இடத்தை எடுத்தன. வரிசை அதன் கூடவே வந்த கொடை. 2018இல் வெளியான 3.7 பதிப்பில்தான் அது மொழியின் வாக்குறுதியானது.

பைத்தானின் கணத்துக்கு அந்த வாக்குறுதி கிடையாது என்பதை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டார். மாத இறுதி அறிக்கையில் தோட்டப் பிரிவுகளின் பெயர்களைக் கணத்தில் போட்டு இரட்டிப்பை நீக்கியிருந்தார். ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் பிரிவுகள் இடம் மாறின. நேற்றைய தாளையும் இன்றைய தாளையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் கணக்காளர், எண்களே மாறிவிட்டன என்று அஞ்சினார். பல உறுப்புகளை வேண்டுமென்றே ஒரே அறையில் மோதவைத்து இணையச் சேவைகளை முடக்கலாம் என்பது 2011 இறுதியில் வெளிப்படையாகக் காட்டப்பட்ட பின், 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து பைத்தான், பெயர்களைப் போன்ற எழுத்துச் சரங்களின் ஹேஷ் மதிப்பை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தற்செயலாகக் கலைக்கிறது. பெயர்களை அகராதியின் சாவிகளாக்கும் ஒரு வரி போதுமென்று காட்டினேன். வந்த வரிசையும் நிற்கும், இரட்டிப்பும் போகும்.

அவருடைய பிழை முதல் நாளே தெரிந்துவிட்டது. என்னுடையது வாரக்கணக்கில் ஒளிந்திருந்தது. இதனால்தான் கோ என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்கள், அகராதியைப் போன்ற தங்கள் அட்டவணையைப் படிக்கும் வரிசையை 2012இல் வந்த முதல் பதிப்பிலேயே வேண்டுமென்று கலைத்துவிட்டதை நான் மிகவும் மதிக்கிறேன். தரப்படாத உறுதியை நம்பி எழுதப்பட்ட நிரல் முதல் சோதனையிலேயே விழுந்துவிடும். சாலையோரம் யாரும் காத்திருக்க நேராது.

ஆலைத் திரையில் ஒன்று மிச்சமிருந்தது. அழைத்தபோது ஓட்டுநர் இல்லாவிட்டால் அந்த லாரி வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்பது அங்குள்ள விதி. மேடைப் பணியாளர் எண்ணை மறுபடி உள்ளிடுவார். ஆனால் லிங்க்ட்ஹேஷ்செட்டில் ஏற்கெனவே இருப்பதை மீண்டும் சேர்த்தால் அது பழைய இடத்திலேயே நிற்கும். வரிசை நகராமல் திரை முழுவதும் ஒரு லாரிக்காகத் தேங்கி நின்றது. 2023இல் வந்த ஜாவா 21இல், கடைசியில் சேர் என்று சொன்னால் இருக்கும் உறுப்பே இடம் மாறிப் போய் நிற்கும். ஆலையில் இருந்தது அதற்கு வெகு முந்தைய பதிப்பு.

அப்பாவிடம் கேட்டேன்: விலகிப் போன ஆள் அதே ஆண்டில் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள்? "பழைய வரி அடிச்சதுதான். கடைசியில புதுசா எழுதணும். பின்பக்கத்துல நம்பரை மாத்தணும், அதை மறந்தா பேரைத் தேட முடியாது," என்றார். முதலில் நீக்கு, பிறகு சேர் என்று இரண்டு வரிகளை அன்றிரவு எழுதினேன். இரண்டுக்கும் மேலே, இந்தக் கணத்தில் வந்த வரிசையும் தரவு, மாற்றுபவர் ஆலையைக் கேட்டு மாற்றவும் என்று தமிழில் ஒரு குறிப்பு இருக்கிறது.