தோட்டக் குறிப்பேடு

தென்னாபிரிக்காவின் டேர்பனில் செப்டெம்பர் பிறந்துவிட்டால் எனக்கு இருக்க நேரம் இராது. சித்திரை, வைகாசி என்று நாங்கள் பள்ளியில் பாடமாக்கிய இளவேனில், இங்கே புரட்டாதியில்தான் வருகிறது. ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாய்ப் பூத்துக் கிடந்த முள்முருக்குகள் ஓயும் வேளையில் மாமரம் பூக்கொள்ளும். குளிருக்கு ஒடுங்கி நின்ற கறிவேப்பிலை கணுவுக்குக் கணு துளிர்க்கும். எழுபதைத் தாண்டிய முழங்கால்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று சொன்னாலும், மண் அப்படிச் சொல்வதில்லை.

கல்லூரி உங்களுக்குத் தந்தது என்ன என்று, எங்கள் கல்லூரி மலரைத் தொகுக்கும் மலர்க்குழுவினர் கேட்டிருந்தார்கள். கிரிக்கெட்டையும் பரிசளிப்பு விழாக்களையும் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் மைதானத்துக்குப் பின்னால் இருந்த தோட்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

இருவருக்கு ஒரு பாத்தி. கிணற்றடியில் எங்கள் விவசாய மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பூவரசங் குழை வெட்டிவந்து மண்ணில் தாழ்ப்பது, வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவது எல்லாம் அவரிடம் பழகியவைதான். கீரை விதைக்கும்போது அவர் கையைப் பார்க்க வேண்டும். கடுகிலும் சிறிய அந்த விதையைக் குறுமணலோடு கலந்து, மூன்று விரலால் எடுத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துத் தூவிக்கொண்டு போவார். "ஐதா விதையடா தம்பி. முளைச்ச பிறகு பிடுங்க மனம் வராது" என்பார். பத்து நாளில் பார்த்தால், அளந்து வைத்தது மாதிரி முளைத்திருக்கும்.

ஒவ்வொருவரும் தோட்டக் குறிப்பேடு ஒன்று வைத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அவர் மேசைக்கு அது போகும். 'நல்ல மழை' என்று யார் எழுதினாலும் சிவப்பு மையால் வெட்டிவிடுவார். "நல்ல மழை எண்டால் எவ்வளவு? வாய்க்கால் நிரம்பினதோ, வரம்பு உடைச்சதோ? கண்டதை எழுது." இலக்கணம் படிப்பித்த ஆசிரியர்கள் எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன். ஆனால் உரைநடை எழுதச் சொல்லித் தந்தது அந்தக் குறிப்பேடுதான். இதைப் பல மேடைகளில் சொல்ல நினைத்தும் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் சாம்பியாவில் கணிதம் படிப்பித்து, பிள்ளைகள் வளர்ந்து, இங்கே வந்து சேர்ந்தேன். குறிப்பேட்டை மட்டும் விடவில்லை. விடிய எழும்பி, முதலில் தோட்டத்துக்குப் போவேன். ஹடீடா என்று இங்கே சொல்லும் அரிவாள்மூக்கன்கள் அதற்கு முன்பே ஊரை எழுப்பிவிட்டுப் புல்லுக்குள் மூக்கை விட்டுக் கிளறிக்கொண்டிருக்கும். போன கிழமை எழுதியது இது: 'உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று. பிற்பகல் மண் வெடித்தது, பாவல் கன்று தலை தொங்கியது. இரவு காற்று கடல் பக்கம் திரும்பியது. காலையில் தூறல், பாத்தியில் ஒரு விரல் ஆழம் ஈரம்.' வெயில் ஏறியதும் கை கழுவிவிட்டு மேசைக்கு வருவேன். மத்தியானம் வரை எழுத்து.

இப்போது எழுதிக்கொண்டிருப்பது இந்த ஊர்த் தமிழ்த் தோட்டக்காரர்களைப் பற்றி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் டேர்பனில் வந்து நின்றது. 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் பலர் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்து மரக்கறி பயிரிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணாவின் தாத்தாவும் அப்படித்தான். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950இன் குழுப்பகுதிச் சட்டத்தால் பிறகு அந்த நிலம் போய், குடும்பம் இந்தியர்களுக்கென ஒதுக்கிய சட்ஸ்வேர்த்துக்குப் பெயர்க்கப்பட்டது. அண்ணாவுக்குத் தமிழ் பேச்சில் கொஞ்சம், எழுத்தில் இல்லை. நான் எழுதியதை வாசித்துக் காட்டுவேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "அது அப்படி இல்லே தம்பி, தாத்தா கூடையெ தலையிலெ வெச்சு நடந்தாரு, வண்டி பின்னாடிதான் வந்துச்சு" என்று திருத்துவார். அவர் திருத்திய பக்கங்கள்தான் நல்ல பக்கங்கள்.

புரட்டாதி முழுவதும் இங்குள்ள தமிழ் வீடுகள் பலவற்றில் மச்சம் இல்லை. எங்கள் ஊரில் சனிக்கிழமையோடு விரதம் முடிந்துவிடும், இவர்கள் மாதம் முழுக்கப் பிடிக்கிறார்கள். ஆகையால் என் கீரைக்கும் முருங்கையிலைக்கும் வேலி வரை ஆள் வரும். எதிர்வீட்டில் சூலு மூதாட்டி ஒருவர் இருக்கிறார், கோகோ என்று தெருவே அழைக்கும். போன வருடம் மடும்பிக் கிழங்கு ஒரு பை கொண்டுவந்து, எங்கள் சேம்பு வகைதான், முளை மேலே பார்க்க எப்படி வைப்பது என்று தானே குந்தி இருந்து காட்டினார். இந்த வருடமும் அவர் வந்து பார்த்த பிறகுதான் மண் மூடினேன்.

இந்த ஊரில் எழுத்தும் தோட்டமும் சேர்ந்து வாழ்ந்த இடம் ஒன்று உண்டு. டேர்பனுக்கு வடக்கே பீனிக்ஸ். 1904இல் காந்தி தம் 'இந்தியன் ஒப்பினியன்' பத்திரிகையின் அச்சகத்தை அங்கே கொண்டுபோனார். தொடக்க ஆண்டுகளில் அந்தப் பத்திரிகையில் தமிழ்ப் பக்கங்களும் வந்தன. அங்கே குடியேறியவர்கள் அச்சுவேலையும் பார்த்து நிலத்தையும் கொத்தினார்கள். அங்கே முதல் இதழ் அச்சேறிய இரவு எஞ்சின் நின்றுவிட, எல்லோரும் முறை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றினார்களாம். அண்ணாவும் நானும் ஒருமுறை அங்கே போய்வந்தோம். அதற்குப் பிறகு எழுத்து வேலையில் தோட்டம் நேரத்தைத் தின்கிறதே என்ற குறை எனக்கு வந்ததில்லை.

என் பாத்தியின் மற்றப் பாதிக்காரன் ரொறன்ரோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவோம். நான் விதைக்கும் ஒக்டோபரில் அவன் அங்கே உறைபனிக்கு முன் உள்ளி நட்டு வைக்கோல் மூடுவான். எழுதி முடித்த அத்தியாயங்களை அவனுக்குத்தான் முதலில் அனுப்புவேன். 'நல்ல மழை' மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் சிவப்பு நிறம் பூசித் திருப்பி அனுப்புகிறான்.

எங்கள் இருவருடைய பழைய குறிப்பேடுகளும் இடப்பெயர்வில் போய்விட்டன. யாரிடமாவது ஒன்று மிஞ்சியிருந்தால் சில பக்கங்களைப் படம் பிடித்து மலர்க்குழுவுக்கு அனுப்புங்கள். மாஸ்டரின் கையெழுத்து உள்ள பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.