டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள்

ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டியதும் கோத்தகிரியில் எல்லோரும் எனக்குச் சொன்ன யோசனை, "தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக் கொடு, விட்டுடுவாங்க." விடமாட்டார்கள். அந்தப் பொருள் உடம்புக்குள் எப்படி வந்தது என்று நாம்தான் காட்டியாக வேண்டும்.

என் சிறுநீரில் இருந்தது மெத்தில்ஹெக்சேன்அமின். ஒரு காலத்தில் மூக்கடைப்புக்கு விற்ற மருந்து. இப்போது பயிற்சிக்கு முன் குடிக்கும் பிரீ-ஒர்க்அவுட் பவுடர்களில் தலைகாட்டுகிறது. போட்டிக் காலத்தில் மட்டும்தான் தடை. ஆனால் அந்தக் காலம் போட்டிக்கு முந்தின இரவு 11.59-க்கே தொடங்கிவிடும். நான் குடித்த பவுடரின் லேபிளில் காஃபின்தான் போட்டிருந்தது. காஃபினுக்குத் தடை இல்லை, கண்காணிப்போடு சரி.

சாம்பிள் எடுக்கும்போது 90 மில்லி சேரும்வரை ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். வெட்கப்பட்டால் வேலைக்காகாது. அப்புறம் ஒரு படிவம். கடைசி 7 நாட்களில் சாப்பிட்ட மாத்திரை, சப்ளிமெண்ட் எல்லாம் அதில் எழுத வேண்டும். வம்பு எதற்கு என்று பலர் காலியாக விடுவார்கள். நான் பவுடரின் பெயரை எழுதியிருந்தேன். பிறகு வழக்கே அதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றது.

பில் இருந்தது. பாதி தீர்ந்த டப்பாவின் அடியில் பேட்ச் எண்ணும் அழியாமல் இருந்தது. ஆனால் திறந்த டப்பாவில் யார் வேண்டுமானாலும் எதையும் கலக்கலாமே? அதே பேட்சில் சீல் உடைக்காத டப்பா வேண்டும். குன்னூர், ஊட்டிக் கடைகளில் இல்லை. கடைசியில் மேட்டுப்பாளையத்தில் அகப்பட்டது. ஆய்வகச் செலவு என் கைக்காசு. அதிலும் அதே பொருள் வந்தது.

விசாரணை காணொளியில். மழை பிடித்தால் எங்கள் வீட்டில் சிக்னல் நிற்காது என்பதால் குன்னூரில் மாமா வீட்டில் போய் உட்கார்ந்தேன். வாங்குமுன் இணையத்தில் தேடிப் பார்த்தீர்களா என்பதைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

இந்த வகைப் பொருளுக்கு, வேண்டுமென்றே எடுத்ததாக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு நிரூபித்தால் 4 ஆண்டு தடை, இல்லையென்றால் 2. லேபிளில் சொல்லாத கலப்பு என்று நிரூபணமானால் வெறும் கண்டிப்பு முதல் 2 ஆண்டு வரை. எனக்கு ஓராண்டு கிடைத்தது. பதக்கம் போனது போனதுதான், அதற்கு எந்தச் சலுகையும் கிடையாது.

தடைக்காலத்தில் விளையாட்டுச் சங்கத்தைச் சேர்ந்த ஜிம்மில் பயிற்சிக்குக் கூடப் போகக்கூடாது. கடைசி 2 மாதம் மட்டும் அனுமதி. அதுவரை சித்தப்பாவின் கேரட் தோட்டத்துக் கொட்டகையில்தான் டெட்லிஃப்ட், அதாவது தரையிலிருந்து எடை தூக்கும் பயிற்சி. இரும்பு விழும் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா தினமும் திட்டுகிறார்.