யானைமலைக் கம்மாயும் மூன்று எக்ஸ்போஷரும்

கார்த்திகை மழையில் யானைமலைக்கு வடமேற்கே இருக்கும் சின்னக் கம்மாய் ஒன்று நிரம்பியது. மதுரைப் பக்கமிருந்து பார்த்தால்தான் அந்த மலை படுத்திருக்கும் யானை. நான் நிற்கும் கரையிலிருந்து அது ஒரு நீளமான கல் முதுகு மட்டும்தான். முன்னால் வரிசையாகப் பனைகள், கீழே தண்ணீரில் எல்லாம் தலைகீழாக. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வருகிறது. வானம் தகதகவென்று இருக்கும் அந்த நேரத்தில் மலையின் இந்தப் பக்கம் இருட்டில் கிடக்கும். கண்ணுக்கு இரண்டும் சேர்ந்தே தெரிகின்றன. கேமராவில் ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடுகிறது.

முதல் நாள் அளந்து பார்த்தேன். அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. மலை விளிம்பை ஒட்டிய வானத்துக்கு 1/1000 நொடி, கரையடி நிழலுக்கு 1/8 நொடி. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் இரட்டிப்பாகும் என்பதால் 7 ஸ்டாப் வித்தியாசம், அதாவது 128 மடங்கு. சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஒரே ரா ஃபைலில் எடுத்து நிழலை மேலே தூக்கிப் பார்த்தேன். பாறை தெரிந்தது, கூடவே இரைச்சல் எனப்படும் பச்சையும் ஊதாவுமான புள்ளிகள். என் பழைய கேமராவால் முடிந்தது அவ்வளவுதான். சரி, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களை ஒன்றாக்கும் ஹெச்டிஆர் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதல் வாரம்: டிரைபாட், 2 நொடி டைமர், பிராக்கெட்டிங்கில் -2, 0, +2 ஸ்டாப் என்று மூன்று எக்ஸ்போஷரில் (வெளிச்ச அளவில்) மூன்று படங்கள். அபெர்ச்சரைத் தொடாமல் ஷட்டரை மட்டும் மாறவிட வேண்டும். அபெர்ச்சர் மாறினால் ஃபோகஸ் ஆழமும் மாறி, ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாது. மூன்றையும் சேர்த்து, எல்லா வெளிச்ச விவரமும் அடங்கும் 32 பிட் ஃபைலாக்கி டோன் மேப்பிங் செய்தேன். திரையால் காட்ட முடியாத அளவு வெளிச்ச வித்தியாசத்தைத் திரைக்குள் அடக்கும் வேலை அது. நான் ஸ்லைடர்களைத் தாராளமாக இழுத்தேன். பாறையில் ஒவ்வொரு வெடிப்பும் தெரிந்தது, மேகம் ஒவ்வொன்றும் செதுக்கியதுபோல் நின்றது. அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடம் சினிமா பேனரும் கடைப் பலகையும் வரைந்தவர். படத்தை லேப்டாப்பில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாம் தெரியுது தம்பி, நிழல் எங்க?" என்றார். அப்புறம் மலை விளிம்பைத் தொட்டு, "இங்க ஏன் வெள்ளையா வளையம் போட்டிருக்க?" என்று கேட்டார்.

அந்த வளையத்தை அதுவரை நான் கவனிக்கவே இல்லை. படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் (பிக்சல்) அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வெளிச்சத்தை மாற்றும் முறையில், இருண்ட மலை பிரகாசமான வானத்தைச் சந்திக்கும் இடத்தில் கணக்கு தடுமாறுகிறது. ஹேலோ என்பது இதுதான். பனையோலைகளைச் சுற்றி இன்னும் மோசமாக இருந்தது. அண்ணனின் முதல் கேள்விதான் எனக்கு இன்னும் முக்கியமாகப் பட்டது. நிழலைத் தூக்கித் தூக்கி, விடியற்காலை என்ற உணர்வையே அழித்திருந்தேன்.

இது புதிய சிக்கலே இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1850களின் கண்ணாடி நெகட்டிவ்கள் நீல ஒளியை மிகையாகப் பதிவு செய்ததால், தரைக்குச் சரியாக எடுத்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, அடிவானக் கோட்டில் இணைத்து அச்சிட்டார். அவருடைய கடற்காட்சிகளில் நிழல் நிழலாகவே இருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் என் தவறு முழுமையாகப் புரிந்தது.

மூன்றாவது வாரம் டோன் மேப்பிங்கை விட்டுவிட்டு எக்ஸ்போஷர் ஃப்யூஷனுக்கு மாறினேன். 2007இல் மெர்டென்ஸ், கௌட்ஸ், வான் ரீத் ஆகிய மூவர் வெளியிட்ட முறை அது. 32 பிட் ஃபைல் எதுவும் நடுவில் கிடையாது. ஒவ்வொரு புள்ளியிலும் எந்தப் படத்தில் கான்ட்ராஸ்ட், நிறச் செறிவு, நடுத்தர வெளிச்சம் மூன்றும் நன்றாக இருக்கின்றனவோ அதற்கு அதிக எடை கொடுத்துக் கலக்கிறது. என்ஃப்யூஸ் என்ற இலவச மென்பொருளில் செய்தேன். ஹேலோ பெரும்பாலும் போய்விட்டது. கரையடியை வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக விட்டேன், விடியல் திரும்பி வந்தது.

காற்று மட்டும் ஒத்துழைக்கவில்லை. மூன்று படங்களிலும் ஓலை வேறு வேறு இடத்தில் இருந்ததால் ஒவ்வொரு பனைக்கும் மூன்று தலை. நடுப் படத்தில் மட்டும் வந்து இறங்கிய கொக்கு ஒன்று பாதி ஊடுருவித் தெரிந்தது. கடைசியில் பனைகளையும் கொக்கையும் நடு எக்ஸ்போஷரிலிருந்து மட்டும் எடுத்து, ஜிம்ப் என்ற பட எடிட்டிங் மென்பொருளில் மாஸ்க் போட்டு (மற்ற பகுதியை மறைத்து) ஒட்டினேன். கணினி தானாகச் சரிசெய்யும் வசதியைவிட இது சுத்தமாக வந்தது.

இனி ஓவியத் தோற்றம். ஆரம்பத்திலிருந்தே என் ஆசை அதுதான். 1792இல் மதுரைக்கு வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும், எதிரே இருக்கும் காட்சியைப் பிம்பமாக விழவைக்கும் கேமரா அப்ஸ்க்யூரா என்ற கருவியின் உதவியோடு கோயில்களையும் மலைகளையும் வரைந்தார்கள். ஓவியம் வரைய அவர்களுக்குக் கேமரா தேவைப்பட்டிருக்கிறது. நான் கேமராவில் தொடங்கி ஓவியத்துக்குப் போக நினைத்தேன், பாதை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு ஃபில்டர்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஜிம்ப்பின் ஆயிலிஃபை, ஒவ்வொரு புள்ளியைச் சுற்றிலும் எந்த நிறம் அதிகமாக இருக்கிறதோ அதைப் பூசுகிறது. வானத்துக்கு அழகு, ஆனால் மலை விளிம்பு குழைந்துவிடுகிறது. இன்னொன்று குவஹாரா ஃபில்டர், 1976இல் இதயப் படங்களில் இரைச்சலைக் குறைப்பதற்காக ஜப்பானில் உருவானது. புள்ளியைச் சுற்றியுள்ள சதுரத்தை நான்காகப் பிரித்து, எந்தக் கால்பகுதியில் ஏற்ற இறக்கம் குறைவோ அதன் சராசரி நிறத்தை எடுத்துக்கொள்கிறது. அதனால் உள்பகுதி வழுவழுப்பாகி, விளிம்பு மட்டும் கூர்மையாகவே நிற்கிறது. கல் மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஃபில்டரை நான் பார்க்கவில்லை.

முழுப் படத்துக்கும் ஒரே அளவில் போட்டபோது பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. மறுபடி அண்ணனிடம் போனேன். "தூரத்துல இருக்கிறதுக்குப் பட்டை பிரஷ், கிட்ட இருக்கிறதுக்குச் சின்ன பிரஷ். மூஞ்சிக்கும் வானத்துக்கும் ஒரே பிரஷ்ஷா போடுவாங்க?" என்றார். அன்று ராத்திரியே நான்கு லேயர்களாகப் பிரித்தேன். வானத்துக்குப் பெரிய அளவில் ஆயிலிஃபை, மலைக்கு நடுத்தர அளவில் குவஹாரா, தண்ணீருக்குக் கிடைவாக்கில் லேசான மங்கல். பனையையும் கோரையையும் ஏறக்குறைய அப்படியே விட்டேன். ஃபில்டருக்கு முன்பே இரைச்சலை நீக்கிவிட வேண்டும் என்பதும் அப்போதுதான் பிடிபட்டது. இல்லாவிட்டால் ஒவ்வொரு இரைச்சல் புள்ளியும் ஒரு திட்டாக வீங்கிவிடுகிறது.

பிரிண்ட் போட்டபோது இன்னொரு பாடம். என் படம் 6000 பிக்சல் அகலம், பிரிண்ட் 18 அங்குலம், அங்குலத்துக்கு 333 பிக்சல். திரையில் பெரிதாக்கிப் பார்த்து 8 பிக்சல் அளவில் வைத்திருந்த தூரிகைத் தடம் தாளில் 0.6 மில்லிமீட்டர்தான். கை நீட்டிய தூரத்தில் அது சாதாரண ஃபோட்டோவாகவே தெரிந்தது. 40 பிக்சலுக்கு ஏற்றினேன், 3 மில்லிமீட்டர் வந்தது. பளபளப்புத் தாளை விட்டு மேட் தாளுக்கும் மாறினேன். மேட் தாளில் கறுப்பு கொஞ்சம் வெளுக்கும், ஆனால் பிரிண்டில் வெளிச்சம் பட்டுக் கூசாததால் பூச்சு பூச்சாகவே தெரிகிறது.

அந்த இரண்டாவது பிரிண்டை அண்ணன் வீட்டுத் திண்ணையில் சாய்த்து வைத்துவிட்டு இருவரும் தெருவுக்கு எதிர்ப்புறம் போய் நின்று பார்த்தோம். மலையும் வானமும் அவருக்குப் பிடித்திருந்தன. இடது ஓரக் கோரைப் புல்லைக் காட்டி, "இது மட்டும் ஆடிப் போயிருக்கு" என்றார். அங்கே மூன்று எக்ஸ்போஷரும் இன்னும் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன. அதற்கு மட்டும் மறுபடி எடுக்க வேண்டும். மடை திறந்து நாளாகிறது, தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வரும் ஞாயிறு நாலரைக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.