கொட்டகையில் ஒரு பேஸ் கார்

9 மார்ச் 2024

ஒஹாயோவில் எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற மெக்கானிக் பெரியவர், தாம் வாங்கிய 1969 செவ்ரொலே கமேரோ கன்வெர்டிபிள் என்ற மடக்குக் கூரைக் காரை இன்று கொட்டகைக்குள் இறக்கினார்; சனிக்கிழமைகளில் அவருக்கு ஒத்தாசையாக இருக்க நான் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அந்த ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 கார் பந்தயத்தில், போட்டிக் கார்களுக்கு முன்னே ஓடி அவற்றை வழிநடத்திய பேஸ் காரின் சாயலில் செவ்ரொலே நிறுவனம் பொதுமக்களுக்காக 3,675 கார்கள் செய்து விற்றது. வெள்ளைக் கன்வெர்டிபிள் எதற்கும் ஆரஞ்சுப் பட்டை தீட்டிவிடலாம் என்பதால் போலிகளும் மிகுதி. ஆகவே, பெரியவர் வேறெதையும் தொடாமல், இன்ஜினுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவரில் அறையப்பட்டிருந்த சிறு தகட்டையே முதலில் துடைத்தார். எண்ணெய்ப் பிசுக்கின் அடியிலிருந்து அந்தப் பேஸ் கார் சாயல் வண்டிகளுக்கான தொழிற்சாலைக் குறியீடான இசட்11-உம், ஆரஞ்சுக் கட்டத் துணி இருக்கைகளைக் குறிக்கும் 720 என்ற எண்ணும் தெரிந்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

6 ஏப்ரல்

முகப்பு விளக்குகளின் மூடிகள் திறக்கவில்லை. இவை இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் இயங்குபவை. ரப்பர்க் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அசையமாட்டா. மூடி சிக்கிக்கொண்டாலும் ஓரளவு வெளிச்சம் வெளியே வரவேண்டும் என்று அதில் கண்ணாடிப் பட்டைகளைப் பதித்த வடிவமைப்பாளரின் முன்யோசனை வியக்கத்தக்கது. குழாய்களை மாற்றினோம்.

20 ஏப்ரல்

பார்க்க வந்த ஒருவர், 350 கன அங்குல இன்ஜினை எடுத்துவிட்டு 396-ஐப் பொருத்தும்படி சொன்னார். 1960-இல் அதே பந்தயத்தை வென்ற ஜிம் ராத்மன், 1969 மே 30 அன்று ஓட்டிய உண்மையான பேஸ் காரில் 375 குதிரைத்திறன் கொண்ட 396 இன்ஜின்தான் இருந்தது. அன்று அதன் பின்னே அணிவகுத்த 33 கார்களில் மாரியோ ஆண்ட்ரெட்டி வென்றார். ஆனால், 300 குதிரைத்திறனோடு தொழிற்சாலையை விட்டு வந்த இந்தக் கார், அந்தத் தடத்தில் ஓடியதாக ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. அதன் இன்ஜினை மாற்றினால் நாமே அதைப் பொய் சொல்ல வைத்தவர்களாவோம் என்று பெரியவர் மறுத்துவிட்டார். அவர் பக்கமே நானும் நிற்கிறேன்.

11 மே

கதவு எழுத்துகளைப் பற்றி இரண்டு வாரமாக முடிவெடுக்க முடியாமல் இருந்தோம். '53ஆவது இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயம்' என்று அறிவிக்கும் அந்த ஒட்டெழுத்துகள் தொழிற்சாலையில் ஒட்டப்படவில்லை. காரோடு தனியே கொடுக்கப்பட்டன, ஒட்டுவதும் விடுவதும் வாங்கியவர் விருப்பம். இந்தக் காரை முதலில் வாங்கியவர் என்ன செய்தார் என்று சொல்ல யாருமில்லை. இன்று வலக் கதவில் பின்னாளில் அடித்த பெயின்ட்டை ஈரத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, பழைய வெள்ளையை எட்டியதும், வெயில் படாமல் வெளுப்புக் குறைந்த எழுத்துகளின் நிழல், தேதி வரிவரை, மங்கலாகத் தெரிந்தது. பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய தாளை விரித்து, ஒவ்வொரு எழுத்தும் கதவின் விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று அளக்க, நான் எண்களைக் குறித்துக்கொண்டேன்.

25 மே

புதிய எழுத்துகளை அந்த அளவுகளின்படியே இன்று ஒட்டினோம். இடக் கதவில் நிழல் எதுவும் அகப்படவில்லை. வலக் கதவின் அளவையே அதற்கும் எடுத்துக்கொண்டோம்.